யார் கூப்பிட்டது

தை மாதப் பனி மக்காச்சோளத் தோகையிலிருந்து இன்னும் இறங்கவில்லை. கதிர் ஒடிக்க வந்த பெண்கள் முக்காடு போட்டுக்கொண்டு வரிசை பிடித்து நகர்ந்தார்கள். காய்ந்த தோகையின் ஓரம் பட்ட இடமெல்லாம் கை எரிந்தது. அன்றைக்குக் காலையிலிருந்தே பேச்சு பள்ளிக்கூடத்தைப் பற்றித்தான்.

"எங்கூட்டு கடைசிப் பையன் நேத்து களி துன்னுட்டு இன்னா சொல்றான் தெரியுமா?" என்றாள் ரங்கம்மாள். "'களி பதமா இருக்குதும்மா. கொழம்புலதான் இன்னாமோ ஒண்ணு வுட்டுப்போச்சு, இன்னான்னு நீயே யோசிச்சுப் பாரு'ன்றான். கரண்டிய எடுத்துக்கினு தொரத்துனேன். ஓடிக்கினே சொல்றான், 'டீச்சர்தாம்மா இப்டி சொல்லச் சொன்னாங்க'ன்னு."

"எம்பொண்ணு மட்டும் இன்னாவாம்?" என்றாள் பக்கத்து வரிசையில் இருந்தவள். "கோலத்தப் பாத்துட்டு, 'இந்தப் பக்கம் நல்லா வந்துக்குது, அந்தப் பக்கம் அவசரப்பட்டுட்ட'ன்னு சொல்லுது."

"கொழம்புல இன்னாடி கொறஞ்சுது கடைசில?"

"உப்புதான். போட மறந்துட்டேன்."

வரிசை முழுக்கச் சிரிப்பு ஓடியது. கடைசி வரிசையில் இருந்த அருள்மொழி சிரிக்கவில்லை. அவள் புருஷன் செழியன் மார்கழியில் செத்துப்போயிருந்தான். பெண்கள் சிரித்துவிட்டு அவள் பக்கம் பார்த்துச் சட்டென்று நிறுத்திக்கொள்வார்கள். அது அவளுக்கு இன்னும் பாரமாக இருந்தது.

செழியன் செத்தது அன்புச்செல்வனின் கொல்லையில். மலையை ஒட்டிய பெரிய மக்காச்சோளக் கொல்லை அது. கதிர் பால் பிடித்ததும் கல்வராயன் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். அதற்காக அன்புச்செல்வன் கொல்லையைச் சுற்றி வெறும் கம்பி இழுத்து அதில் கரண்டு விட்டிருந்தார். அது கூடாது என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும். யாரும் கேட்டதில்லை. ஊரில் பாதிப்பேருக்கு அவர் கொல்லையில்தான் வேலை.

அன்றைக்கு விடியக்கருக்கலில் போன் வந்தது. செழியன் "சரி, சரி" என்று மட்டும் பேசினான். "தண்ணி பாச்சப் போறேன், வந்து கஞ்சி குடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினான். வெளிச்சம் வந்த பிறகு ஆடு ஓட்டிப் போனவர்கள்தான் அவனைப் பார்த்தார்கள். அருள்மொழி ஓடிப்போய்ச் சேர்வதற்குள் கம்பியைச் சுருட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். செழியனின் போனும் கிடைக்கவில்லை.

"பன்னி புடிக்க வந்தவன். கம்பி அவன் கட்டுனது, அவனே மாட்டிக்கினான்" என்று அன்புச்செல்வன் ஸ்டேஷனில் சொன்னார். அப்படியே எழுதப்பட்டது. அருள்மொழி மனு கொடுத்தாள். போன் வந்துதான் அவர் போனார் என்று எங்கே போனாலும் சொன்னாள். யார் கூப்பிட்டது என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியவில்லை. போன் கம்பெனிக்குக் கணக்குக் கேட்டு எழுதியிருக்கிறது என்றார்கள். அது வந்தாலும் யார் கூப்பிட்டார் என்பதுதான் தெரியும். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்பது தெரியாது. மறுபடியும் விசாரிப்பதற்குக் கள்ளக்குறிச்சிக்கு வரச்சொல்லித் தேதி கொடுத்திருந்தார்கள்.

அவள் மகள் எழில்மதி ஐந்தாம் வகுப்பு. ரங்கம்மாள் சொன்ன அந்த டீச்சரின் வகுப்புதான்.

சுபலட்சுமி டீச்சர் மலையில் பிறந்தவர். அவருடைய அப்பா அம்மா இன்னும் அங்கே சாமை விதைக்கிறார்கள். இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தபோது பிள்ளைகள் எழுதுவதெல்லாம் பார்த்து எழுதியதாக இருந்தது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் படித்தால் "சூப்பர்" என்பார்கள், அல்லது "கோழி கிண்டுன மாரி இருக்குது" என்று சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு பெண் தான் எழுதிய தாளைக் கிழித்து வாயில் போட்டு மென்றுவிட்டாள். அதைப் பார்த்த பிறகுதான் டீச்சர் இதை ஆரம்பித்தார்.

முதலில் தான் எழுதியதையே போர்டில் எழுதிப்போட்டார். மழையில் மலைப்பாதை வளைவில் பஸ் நின்றுபோன கதை.

"டீச்சர் எழுதுனத நாங்க எப்டி டீச்சர் தப்பு சொல்றது?"

"தப்பு சொல்ல வேணாம். எந்த எடம் உங்க கண்ணு முன்னாடி வந்துச்சோ அதச் சொல்லுங்க. எந்த எடத்துல புரியாம நின்னீங்களோ அதையும் சொல்லுங்க."

கடைசியில் தேவிப்ரியா எழுந்தாள். "பஸ்ஸு நின்னுபோச்சுன்னு எழுதிக்கிறீங்க. அப்பால வூட்டுக்கு வந்துட்டேன்னு எழுதிக்கிறீங்க. நடுவுல எப்டி டீச்சர் வந்தீங்க?"

டீச்சர் போர்டைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா இல்ல?" என்றார். இரண்டு வரியை அழித்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடைத்தண்ணீரில் நடந்து வந்ததை எழுதினார். டீச்சரே எழுதியதை அழித்து எழுதுவதைப் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள்.

அதற்குப் பிறகும் சுலபமாக வந்துவிடவில்லை. "நல்லா இருக்குது" என்று யாராவது சொன்னால் டீச்சர் விடமாட்டார். "எது?" என்பார். பதில் வரும்வரை நிற்பார். கேட்டுக்கொள்வதற்கும் பழக்க வேண்டியிருந்தது. ஒருவர் சொல்லும்போதே சண்டைக்குப் போவார்கள், அழுவார்கள். "சொன்னாங்கன்றதுக்காக மாத்தாதீங்க. வூட்டுக்கு எடுத்துக்கினு போய் யோசிங்க. உங்களுக்குச் சரின்னு பட்டா மாத்துங்க. எழுதுனது உங்களுது" என்று டீச்சர் திரும்பத் திரும்பச் சொன்னார். ஊர்ப் பிள்ளைகளோடு பழகிப் பழகி அவர் பேச்சும் ஊர்ப் பேச்சாகியிருந்தது.

எழில்மதியும் தேவிப்ரியாவும் ஒன்றாம் வகுப்பிலிருந்தே ஒரே பெஞ்சு. தேவிப்ரியாவின் அப்பா ஜீவா, அன்புச்செல்வனின் டிராக்டரை ஓட்டிக்கொண்டு மோட்டாரையும் பார்த்துக்கொள்பவன். செழியனும் ஜீவாவும் ஒன்றாகவே திரிந்தவர்கள்.

பொங்கல் லீவு முடிந்து வந்ததும் டீச்சர் 'ஒரு காலை' என்று தலைப்புக் கொடுத்தார். சேவல் கூவியதையும் பனி பெய்ததையும் எழுதுவார்கள் என்றுதான் நினைத்தார். எழில்மதி அந்தக் காலையை எழுதியிருந்தாள்.

ஒரே பெஞ்சில் இருப்பவர்கள் ஒருவர் எழுதியதை ஒருவர் படித்துச் சொல்ல வேண்டும். தேவிப்ரியா அதை இரண்டு தடவை படித்தாள்.

"'அப்பா சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு போச்சு, நான் சொல்றதுக்குள்ள போயிடுச்சு'ன்னு எழுதிக்கிற இல்ல, அது எனக்கு அப்டியே தெரியுது" என்றாள். அதற்குப் பிறகு அவள் விரல் ஒரு வரியிலேயே நின்றது.

"இன்னாடி?"

"போன் வந்துச்சுன்னு இருக்குது. யாரு பண்ணாங்கன்னு இல்ல."

"தெரியாது. அதான் எழுதல."

தேவிப்ரியா அந்த வரியிலிருந்து விரலை எடுத்தாள். "எங்கப்பாதான் பண்ணுச்சு" என்றாள். "அதுக்குக் குளிர்ஜொரம். நான் முழிச்சிக்கினு இருந்தேன். 'செழியா, நீ போய் மோட்டாரப் போட்டுடு, கம்பில கரண்ட நிறுத்தச் சொல்லிட்டேன்'னு சொல்லுச்சு."

எழுத்தில் விட்டுப்போனதை எடுத்துச் சொல்கிற அதே குரலில்தான் சொன்னாள். சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. கையை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டாள். எழில்மதி அவளையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பென்சிலை எடுத்து அந்த வரிக்குக் கீழே எழுத ஆரம்பித்தாள். பெஞ்சுகளுக்கு நடுவே நடந்து வந்த டீச்சர் அங்கே வந்து நின்றார். படித்தார். இருவர் தோளிலும் கையை வைத்தார்.

சாயங்காலம் அருள்மொழி சோளத்தட்டையை ஒடித்து அடுப்பில் வைத்துக் கருவாட்டுக் குழம்பு கூட்டிக்கொண்டிருந்தாள். எழில்மதி பக்கத்தில் குந்திக்கொண்டு படித்தாள். எழுதியதை எல்லாம் அம்மாவிடம் படித்துக் காட்டுவது அவள் வழக்கம். அந்த வரி வந்தபோது அருள்மொழியின் கை நின்றது.

"அத இன்னொரு தபா படி."

படித்தாள்.

"யாரு சொன்னது?"

"தேவி."

"நீ கேட்டியா?"

"நான் கேக்கல. எனக்குத் தெரியாதுன்னேன். அதுவா சொல்லுச்சு."

குழம்பு பொங்கி அடுப்பில் வழிந்தது. அருள்மொழி துணியால் சட்டியைப் பிடித்து இறக்கினாள். இறக்கின கையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "அம்மா, நான் எழுதுனது தப்பா?" என்று எழில்மதி கேட்டாள். அருள்மொழி அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டாள்.

மறுநாள் வேலைக்குப் போகாமல் பள்ளிக்கூடத்துக்கு வந்தாள். பிள்ளைகள் காலை உப்புமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். தேவிப்ரியா வரவில்லை.

"இந்தப் பேப்பர எடுத்துக்கினு போய் அதிகாரிகிட்ட குடுக்கலாங்களா டீச்சர்?"

"குடுக்கலாம்மா." டீச்சர் ராத்திரி தூங்காதவராகத் தெரிந்தார். "குடுத்தா தேவிப்ரியாவக் கூப்புட்டுக் கேப்பாங்க. அவங்கப்பனுக்கு எதிர்ல நிக்க வெச்சுக் கேப்பாங்க."

அருள்மொழி தாளை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"நான்தாம்மா அதுங்களுக்கு இப்டிக் கேக்கப் பழக்குனேன்" என்றார் டீச்சர். "எது புரியலையோ சொல்லுன்னேன். அது இங்க வந்து நிக்கும்னு நான் நெனைக்கல. ரெண்டு குடும்பத்தையும் நடுவுல வெச்சுட்டேன்."

"நீங்க வெக்கல டீச்சர். வெச்சவரு வேற." என்றாள் அருள்மொழி. "எத்தினி பேர் கால்ல வுழுந்திருப்பேன். ஊர்ல ஒருத்தர் வாயத் தொறக்கல. ஒரு புள்ள தொறந்துச்சு. அதப் போய் நான் கூண்டுல ஏத்துவனா? அதுவும் எம்பொண்ணு பக்கத்துலதான குந்துது." தாளை டீச்சர் கையில் கொடுத்தாள். "எழிலு எழுதுனது. இங்கயே இருக்கட்டும்."

அங்கிருந்து நேராகக் களத்துக்குப் போனாள். ஜீவா டிராக்டரில் சோளம் உதிர்க்கும் மெஷினைப் பூட்டி ஓட்டிக்கொண்டிருந்தான். தூசி புகை மாதிரி எழும்பியிருந்தது. அவளைப் பார்த்ததும் இஞ்சினை நிறுத்தினான். திடீரென்று எல்லாம் அமைதியாகிவிட்டது.

"எதுனா கேக்கணுமா அருளு?"

"தேவிய ஏண்ணா பள்ளிக்கூடம் அனுப்பல?"

ஜீவா துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"கை வெச்சியா?"

"அதுவே வந்து சொல்லுச்சு. ஒரு அற. கோவத்துல." தலையைக் குனிந்துகொண்டான். "புள்ளைங்க தூக்கக் கலக்கத்துல எதுனா கேட்டுட்டுப் பேசும்மா. அதப் போய்..."

"சரிண்ணா. புள்ளைய வுடு. நான் கேக்கறேன். நீ போன் பண்ணியா?"

அவன் கீழே குனிந்து சிதறிக் கிடந்த சோளத்தைக் கையால் கூட்டினான். ஒரு பிடி அள்ளிக் குவியலில் போட்டான். இன்னொரு பிடி அள்ளினான்.

"எனக்கு ரெண்டு பொண்ணு. ஓட்டற வண்டி அவுருது. குந்திக்கினு இருக்கற மனையும் அவுருது. நான் வாயத் தொறந்தா எங்க போவேன் சொல்லு."

"நான் அதக் கேக்கல."

"நிறுத்திட்டேன்னுதான் அவுரு சொன்னாரு!" அது அவன் வாயிலிருந்து தானாக வந்து விழுந்தது. சுற்றிலும் பார்த்தான். குரலைத் தாழ்த்திக்கொண்டான். "போன்ல கேட்டேன் அருளு. கம்பில கரண்ட நிறுத்துங்கன்னு சொன்னேன், நிறுத்திட்டேன்னாரு. அப்பாலதான் அவனக் கூப்புட்டேன். எனக்கு மட்டும் அன்னிக்கு ஜொரம் இல்லன்னா, செத்தது நானு."

அருள்மொழிக்குக் கண்ணில் தண்ணீர் வரவில்லை. "அத கள்ளக்குறிச்சிக்கு வந்து சொல்லுண்ணா."

"என்னால முடியாது."

"பன்னி புடிக்கப் போனாருன்னு எழுதி வெச்சிக்கிறாங்க. எம்பொண்ணு பெரிசாயி அதப் படிக்கும்."

அவள் களத்தைத் தாண்டிப் போகிறவரை ஜீவா இஞ்சினைப் போடவில்லை.

தேவிப்ரியா திரும்பிப் பள்ளிக்கூடம் வந்தாள். "வேற வேற பெஞ்சுல குந்தறீங்களா?" என்று டீச்சர் இரண்டு பேரையும் தனியாகக் கேட்டார். இரண்டு பேரும் வேண்டாம் என்றார்கள். ஆனால் அந்த வாரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. தேவிப்ரியா எழுதின 'ஒரு காலை' பார்க்கப்படாமல் கிடந்தது. அதைப் பார்க்க வேண்டியது எழில்மதி. அம்மா தோசை சுட்டதும் தங்கச்சி முதல் தோசைக்கு அழுததும் அதில் இருந்தன.

எழில்மதி படித்துவிட்டு, "தங்கச்சி அழுவற எடம் நல்லா இருக்குது" என்றாள். தாளைத் தடவிக்கொண்டே இருந்தாள். "ஆனா இது எந்தக் காலைன்னு தெரியல. எல்லா நாளும் மாரி இருக்குது."

தேவிப்ரியாவுக்கு உதடு பிதுங்கியது. டீச்சர் ஓடி வந்தார். "மாத்தணும்னு இல்ல தேவி. வேணாம்னா வேணாம். எழுதுனது உன்னுது."

"தெரியும் டீச்சர்" என்றாள் தேவிப்ரியா. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நடந்ததை ஜெயசுதாதான் பின்னால் சொன்னாள். ஜெயசுதா ஜீவாவின் பெண்சாதி. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஜீவா சாப்பிட்டுவிட்டுக் கையைக் கழுவாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். தேவிப்ரியா எதிரில் வந்து உட்கார்ந்து, "அப்பா, நான் திருப்பி எழுதிக்கிறேன், படிக்கட்டா?" என்று கேட்டாள். அவனுக்குப் பஸ் போர்டு படிக்கிற அளவுக்குத்தான் எழுத்து. படி என்றான்.

போன் பேசியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை. அவள் எழுதியிருந்தது அதற்குப் பிந்தைய காலைகளைப் பற்றி. 'எங்கப்பா காலையில் டிராக்டர் மேல் ஏறி வண்டியை எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார். என்னப்பா என்று கேட்டால் ஜுரம் என்கிறார். நான் நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜுரம் இல்லை. தினமும் தொட்டுப் பார்க்கிறேன். தினமும் இல்லை.'

படித்து முடித்துவிட்டு அவள் அப்பாவைப் பார்த்தாள். "சொல்லுப்பா. எந்த எடம் சரியில்ல?"

ஜீவா வெகுநேரம் எச்சில் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"டீச்சர் இதப் படிச்சாங்களா?"

"இல்ல. நீதான் மொதல்ல."

"எல்லாம் சரியாத்தான் எழுதிக்கிற" என்றான். அதைச் சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அழுது தான் பார்த்ததில்லை என்றாள் ஜெயசுதா.

விசாரணை அன்று கள்ளக்குறிச்சியில் வெயில் கொளுத்தியது. வேப்பமரத்தடியில் அருள்மொழி எழில்மதியை உட்கார வைத்து, பக்கத்தில் டீச்சரை விட்டுவிட்டு அலுவலகத்துக்குள் போனாள். அன்புச்செல்வன் முன்னாடியே வந்திருந்தார். விசாரித்த அதிகாரி ஒரு அம்மா. பொறுமையாகத்தான் கேட்டார். "போன் வந்ததுன்னு சொல்றீங்க. யார் கூப்பிட்டாங்கன்னு தெரியுமாம்மா?"

தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்பார்கள். அருள்மொழி வாயைத் திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நின்றாள். அப்போது வாசலில் நின்ற பியூன் யாரையோ தடுக்கிற சத்தம் கேட்டது.

"நான்தாங்க கூப்புட்டேன்" என்றான் ஜீவா. வெளுத்த சட்டை போட்டிருந்தான். உள்ளே வந்து அன்புச்செல்வனுக்கு முதுகைக் காட்டி நின்றான். "எம்பேரு ஜீவாங்க. செழியன நான்தான் மோட்டார் போடச் சொல்லிக் கூப்புட்டேன்."

முழுக்கச் சொன்னான். கம்பி யார் இழுத்தது, யாரிடம் நிறுத்தச் சொன்னான், யார் நிறுத்திவிட்டேன் என்றது, விடிந்ததும் யார் சொல்லிக் கம்பியைச் சுருட்டினான், செழியனின் போன் யார் கைக்குப் போனது, எல்லாம். கம்பியைச் சுருட்டியது அவன் கைதான் என்பது அருள்மொழிக்கு அப்போதுதான் தெரிந்தது. செழியன் கிடந்த இடத்துக்குப் பக்கத்திலேயே நின்று இவன் கம்பி சுருட்டியிருக்கிறான். வெளியே வந்ததும் ஜீவா அவளைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

செழியன் மேல் எழுதியிருந்தது அடிபட்டுப்போனது. அன்புச்செல்வன் மேல் கேஸ் பதிவானது. தடயத்தை மறைத்ததற்கு ஜீவா மேலும் பதிவானது. அன்புச்செல்வன் சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டார். ஜீவாவுக்கு ஜாமீன் நிற்க ஆள் கிடைக்கவில்லை. மனையைக் காலி பண்ணச் சொல்லி ஜெயசுதாவிடம் அன்புச்செல்வனின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். அவளை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை. அன்புச்செல்வனுக்குப் பயந்து கூப்பிடாதவர்கள் பாதி. அருள்மொழி என்ன நினைப்பாளோ என்று கூப்பிடாதவர்கள் பாதி.

"ஜீவா பொண்டாட்டி ரேஷன் கடையில நின்னுக்கினு இருந்தா" என்று ஒருநாள் வேலைக்குப் போகிற வேனில் ரங்கம்மாள் சொன்னாள். "ஒரு வார்த்த பேசல யாருகிட்டயும். பாவமாத்தான் இருந்துச்சு. இன்னா பண்றது?"

அருள்மொழி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். அன்று ராத்திரி எழில்மதி சாப்பிடும்போது, "தேவி மத்தியானச் சோத்துல பாதி தங்கச்சிக்கு எடுத்துக்கினு போவுதும்மா" என்றாள். அருள்மொழி சோற்றுச் சட்டியை மூடிவைத்தாள்.

மாசி பிறந்து மலையோரத்தில் மரவள்ளிக்குச்சி நடவு ஆரம்பித்திருந்தது. விடிந்து வெயில் வருவதற்குள் வேன் வந்து ரோட்டில் நிற்கும். அன்றைக்கு அருள்மொழி தூக்குச்சட்டியை எழில்மதி கையில் கொடுத்து வேனில் வைக்கச் சொல்லிவிட்டு, ஜீவா வீட்டுக்கு நடந்தாள். ஜெயசுதா வாசல் பெருக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்தோடு நிமிர்ந்தாள்.

"குச்சி நடவு. ஆளு பத்தல. வர்றியா?"

ஜெயசுதா துடைப்பத்தைக் கீழே போட்டாள். "எம் மூஞ்சில எப்டி அருளு உன்னால முழிக்க முடியுது?"

"தெரியல" என்றாள் அருள்மொழி. "சோறு கட்டிக்கினு வா. வேன் போயிடும்."

"உள்ள வா. ஒரு நிமிசம் குந்து."

"வேணாம். நிக்கறேன்."

உள்ளே பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது. தேவிப்ரியா கதவோரம் வந்து நின்று பார்த்தாள். அருள்மொழி அவள் கன்னத்தை ஒருமுறை தொட்டாள். வாசலைத் தாண்டி உள்ளே காலை வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ரோட்டில் வேன்காரன் ஹாரனை அடித்துக்கொண்டே இருந்தான்.

"இருய்யா" என்று அருள்மொழி அங்கிருந்தே சத்தம் போட்டாள். "இன்னொரு ஆளு வருது."